பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நாளைக்கு மாவட்டச் சுகாதார அலுவலராகப் போகிறவர்களுக்கு இதை ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. சமூக மருத்துவத் துறையில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில், ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் துறையில் ஊனம் என்றாலே 'தடுக்க வேண்டியது' என்றுதான் பாடம் ஆரம்பிக்கும். சொட்டு மருந்து, வைட்டமின் ஏ, அயோடின் உப்பு. எல்லாம் அவசியம்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் யாருக்கும் நோய் வரவில்லை, 2014 மார்ச்சில் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது. பெரிய சாதனை. சரி, அதற்கு முன்பே போலியோ வந்தவர்கள்? அவர்களில் பலருக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. சுகரும் பிரஷரும் வருகிற வயது. அவர்களைப் பற்றிப் பாடத்தில் பேச்சே வருவதில்லை.

மாணவர்களோடு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். தொற்றா நோய்ப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இரண்டு கால்களும் சூம்பிய ஓர் அம்மா கையை ஊன்றி நகர்ந்து உள்ளே வந்தார். அங்கே இருந்தது ஏறி நிற்கிற எடை மெஷின். செவிலியர் படிவத்தின் எடைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அந்த அம்மாவை யாரும் கேட்கவே இல்லை, மேசை இடுப்பு உயரத்தில் இருந்தது. அவரும் எதுவும் கேட்கவில்லை. செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்கார்ந்தபடி எடை பார்க்கும் மெஷினும் தாழ்த்தி உயர்த்தும் மேசையும் வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு இடத்தில் இருக்கிறார். அந்த இடத்துக்குப் போகப் போகிறவர்கள்தான் உங்கள் மாணவர்கள். மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அந்தக் கோடு போட்ட கட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். உலக அளவில் 16 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வித்தியாசத்துக்குக் கேள்வி கேட்கிற விதம் ஒரு முக்கியக் காரணம். 'வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?' என்றால் பெரும்பாலும் 'இல்லை'தான் பதில். மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுப்பதற்காக ஐ.நா.வின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் வேறு மாதிரி கேட்கும்: கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, நடக்க, படி ஏறச் சிரமமா, கொஞ்சமா, அதிகமா, முடியவே முடியாதா? ஒரே தெருவில் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற இரண்டு எண்களே மீதியைச் சொல்லிவிடும்.

அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லும் பயிற்சி. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஐந்து நிமிடம் தடுமாறிவிட்டு 'ஐயோ பாவம்' என்ற எண்ணத்தோடு மாணவர்கள் வெளியே வருவார்கள். பார்வையில்லாதவர் பல வருடங்களாகப் பழகி வைத்திருக்கும் திறமை அதில் தெரியாது. அதற்குப் பதில் அவரையே பயிற்றுநராக அழையுங்கள். நன்றி சொல்லிச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், மற்ற விரிவுரையாளர்களுக்குத் தரும் அதே சம்பளத்தையும் மதிப்பெண் போடும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள். மருத்துவர், செவிலியர் தொடங்கி ஆஷா பணியாளர் வரை எல்லோருடைய படிப்பிலும் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பாடம் இடம்பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவே சொல்கிறது. கல்லூரி நிர்வாகம் தயங்கினால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

ஒரே வகுப்புதான் கிடைக்கும் என்றால் அதைத் தனிப் பாடமாக எடுக்காதீர்கள். டெங்கு, வெள்ள நிவாரண முகாம், தடுப்பூசி என்று மாணவர்கள் எழுதும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கேளுங்கள். காது கேளாதவருக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்படி உள்ளே வருவார், அதற்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? பதில் இல்லாத அறிக்கைக்குத் தேர்ச்சி கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.