ஹெரிஃபோர்ட்ஷயரில் யார் பக்கம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். முதலாம் சார்லஸ், நாடாளுமன்றம், கிராம்வெல், மன்னரின் தலை வெட்டப்பட்டது என்று பெரிய மனிதர்களின் கதையாகவே அது இருந்தது. சாதாரண ஜனங்கள் எங்கே போனார்கள்? கல்லூரியில் எங்கள் பேராசிரியர் வேறு மாதிரி சொன்னார். நிலப்பிரபுக்கள் மன்னர் பக்கம், உழைக்கும் மக்கள் நாடாளுமன்றத்தின் பக்கம், ஆகவே அடிப்படையில் அது ஒரு வர்க்கப் போர் என்றார். ஒரு கிராமத்தில் நின்று பார்த்திருந்தால் அப்படித்தானே தெரிந்திருக்கும்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

உங்கள் குறை நியாயமானது. அந்த உரையில் ஜனங்கள் இல்லை. ஒரு மணிநேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் நான் எதை விட்டுவிட்டேனோ அதுதான் முக்கியமான பகுதி. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஆனால் உங்கள் பேராசிரியர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்களே சொன்னதுபோல ஒரு கிராமத்தில் போய் நிற்போம். வேல்ஸ் எல்லையை ஒட்டி ஹெரிஃபோர்ட்ஷயர் என்று ஒரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆப்பிள் தோட்டங்களும் ஆட்டு மந்தைகளும் உள்ள பகுதி. அதன் வடமேற்கு மூலையில் பிராம்ப்டன் பிரையன் என்று ஒரு சிற்றூர், அங்கே ஒரு கோட்டை, அது ஹார்லி குடும்பத்தின் வீடு. சர் ராபர்ட் ஹார்லி பெரிய நிலக்கிழார், பரம்பரைப் பணக்காரர். அவர் நாடாளுமன்றத்தின் பக்கம். அவருடைய குத்தகைக்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் பெரும்பாலும் மன்னர் பக்கம். பாடப்புத்தகக் கணக்குக்கு நேர் எதிர்.

ஏன் அப்படி? ஹார்லி தீவிரமான பியூரிட்டன், அதாவது தேவாலயத்தில் சிலை, படம், சடங்கு எதுவும் கூடாது என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர். 1641-ல் அவர் விக்மோர் ஊரில் இருந்த கல் சிலுவையை இடித்துத் தூளாக்கினார், லீன்ட்வர்டைன் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை உடைத்துத் துண்டுகளை டீம் ஆற்றில் கொட்டவைத்தார். அவருக்கு அது விக்கிரக வழிபாட்டை ஒழிக்கும் புனித வேலை. தாத்தா காலத்திலிருந்து அந்தச் சிலுவையைத் தாண்டிச் சந்தைக்குப் போய்வந்த ஒரு விவசாயிக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மூரில் ஒரு பண்ணையார் ஊர் எல்லையில் இருக்கும் அய்யனாரை உடைத்துக் குளத்தில் போட்டுவிட்டு, உங்கள் உரிமைக்காகத்தான் நான் போராடுகிறேன் என்று சொன்னால் யார் அவர் பின்னால் போவார்கள்?

ஹார்லி லண்டனில் நாடாளுமன்றத்தில் இருக்க, கோட்டையில் தனியாக இருந்தவர் அவருடைய மனைவி பிரில்லியானா. மூத்த மகன் நெட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. ஒரு ஊர் எப்படிப் படிப்படியாக இரண்டாகப் பிளக்கிறது என்பதை இத்தனை அருகிலிருந்து காட்டும் வேறு எதையும் நான் படித்ததில்லை. ஆரம்பத்தில் மகனுக்குச் சளி பிடித்ததா, அனுப்பிய பலகாரம் வந்துசேர்ந்ததா என்றுதான் விசாரிக்கிறார். 1642 கோடையில் தொனி மாறுகிறது. பக்கத்து லட்லோ நகரில் மேபோல் கம்பத்தை நட்டு, உச்சியில் தலை மாதிரி ஒன்றை வைத்து, 'ரவுண்ட்ஹெட்' (உருண்டைத் தலை) என்று கிண்டல் செய்தபடி சுட்டு விளையாடினார்களாம். நாடாளுமன்றக்காரர்களுக்கு அதுதான் பட்டப்பெயர். பியூரிட்டன்கள் திருவிழாக் கம்பங்களை வெறுத்தவர்கள், அதனால் அந்தக் கம்பத்தையே ஊர்க்காரர்கள் பதிலாக நட்டார்கள்.

கனவான்களுக்குள் நடந்த பிளவு வேறு மாதிரியானது. சர் வில்லியம் கிராஃப்ட் என்பவர் ஹார்லிகளின் பழைய நண்பர், அண்டை நிலக்கிழார். அவர் ஒருநாள் வந்து, பிரில்லியானாவின் கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பிரில்லியானா மகனுக்கு எழுதுகிறார். துப்பாக்கி எல்லாம் பிறகுதான் வந்தது, நலம் விசாரிக்காமல் போனதுதான் முதலில்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. குத்தகைக்காரர்கள் குத்தகை கொடுப்பதை நிறுத்தினார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், வேலைக்காரர்கள் ஊருக்குள் போகவே பயந்தார்கள். 1643 ஜூலை 26 அன்று மன்னர் தரப்புத் தளபதி சர் வில்லியம் வாவசோரும், கவுண்டியின் ஷெரீஃபாக, அதாவது மன்னரின் அதிகாரியாக இருந்த ஹென்றி லிங்கனும் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். வெளியே சுமார் 700 பேர், உள்ளே பெண்களும் குழந்தைகளும் சேர்த்து சுமார் 100 பேர். முற்றுகை ஏழு வாரம் நீடித்தது. இதற்கிடையில் இரண்டு தரப்பும் மரியாதையான கடிதங்களைப் பரிமாறிக்கொண்டே இருந்தன. என் கணவர் வீட்டையும் பிள்ளைகளையும் என்னிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறார், அவர் சொல்லாமல் நான் எப்படிக் கொடுப்பது என்று பிரில்லியானா எழுதுகிறார். எதிரே இருப்பவர்கள் அவரை 'மேடம்' என்று விளித்துப் பதில் போடுகிறார்கள்.

ஆனால் முற்றுகையின் முதல் பலி யார் தெரியுமா? கோட்டைக்குள் இருந்த ஒரு கேப்டன் எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது: தெருவில் நின்ற, கண் தெரியாத ஒரு ஏழை முதியவர். எந்தக் காரணமும் இல்லாமல் கொல்லப்பட்டார். அவர் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. அதன்பின் கோட்டைச் சமையல்காரர் சுடப்பட்டுச் செத்தார். ஊரின் தேவாலயம், பாதிரியார் வீடு, மாவு மில் எல்லாம் எரிக்கப்பட்டன. மில் எரிந்தால் நிலக்கிழாருக்கு நஷ்டம், சரி, ஆனால் ஊரில் இருப்பவன் தன் தானியத்தை எங்கே அரைப்பான்?

பிரில்லியானா அந்த முற்றுகையில் தோற்கவில்லை. செப்டம்பரில் படை விலகியது, அக்டோபர் கடைசியில் அவர் நோயில் இறந்துபோனார். 1644 வசந்தத்தில் இரண்டாவது முற்றுகை, குடும்ப மருத்துவர் நதானியேல் ரைட்தான் கோட்டையைக் காத்து நின்றார். இந்த முறை கோட்டை விழுந்தது, கொளுத்தப்பட்டது.

மக்கள் மன்னர் பக்கம் என்று சொன்னேன் இல்லையா? அதுவும் நிலைக்கவில்லை. மன்னரின் படைகள் ஹெரிஃபோர்ட், கேனன் ஃப்ரோம் போன்ற இடங்களில் தளம் போட்டு, ஊர் ஊராக மாதாந்திரப் பணம் வசூலித்தன. படைவீரர்கள் வீட்டுக்குள் வந்து தங்குவார்கள், தின்பார்கள், குதிரைக்கு ஓட்ஸ் கேட்பார்கள், போகும்போது பிறகு பணம் தருவதாக ஒரு சீட்டை நீட்டுவார்கள். 1645 மார்ச்சில் பொறுமை போய்விட்டது. கவுண்டியின் கிழக்கே புரோக்ஸாஷ் வட்டாரத்து விவசாயிகள் தடிகளும் அரிவாள்களும் கவைக்கோல்களுமாகக் கிளம்பினார்கள். ஹெரிஃபோர்ட் மதிலுக்கு வெளியே சுமார் 15,000 பேர் கூடினார்கள் என்று அன்றைய தகவல்கள் சொல்கின்றன. பிடித்துவைத்த எங்கள் ஆட்களை விடு, செத்தவர்களின் மனைவி மக்களுக்கு ஈடு கொடு, இனி வசூல் கூடாது, எங்கள் மண்ணை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய கோரிக்கை.

இதைக் கேள்விப்பட்டு நாடாளுமன்றத் தளபதி எட்வர்ட் மாஸி குளோஸ்டரிலிருந்து ஓடிவந்தார், எங்களோடு சேருங்கள் என்றார். அவர்கள் சேரவில்லை. உங்கள் பேராசிரியரிடம் நான் கேட்க விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான். வர்க்கப் போர் என்றால் அவர்கள் மாஸியைக் கட்டித் தழுவியிருக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு படைகளும் தங்கள் வயலை விட்டுப் போவது மட்டும்தான். கொஞ்ச நாளில் மன்னர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் படை வந்து அந்த எழுச்சியை நசுக்கியது, பிறகு அந்தப் படையும் அதே வீடுகளில் உட்கார்ந்து தின்றது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் நாடாளுமன்றத்துக்கு ஆதரவாக வந்த ஸ்காட்லாந்துப் படை ஹெரிஃபோர்டை முற்றுகையிட்டது, ஒரு மாதத்துக்குமேல் அதுவும் சுற்றுவட்டாரத்தைத் தின்றது. கிராமங்கள் பின்னர் தங்கள் இழப்புகளைக் கணக்கெழுதிக் கொடுத்தன.

ஹெரிஃபோர்ட் நகரம் கடைசியில் விழுந்த விதம் என் மனதை விட்டு அகலவே இல்லை. 1645 டிசம்பர், பனி கொட்டிய நாட்கள். காவலர்களுக்காகப் பனிக்கட்டியை உடைக்கக் கிராமத்து ஆட்களைக் கருவிகளோடு வரவழைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. நாடாளுமன்றத் தரப்பின் கர்னல் ஜான் பிர்ச் ஆறு பேருக்குக் கூலிக்காரர் உடை போட்டு, கையில் கோடாரி மண்வெட்டி கொடுத்து, ஒரு கான்ஸ்டபிளையும் போலி உத்தரவையும் கூட்டி, விடியற்காலையில் வாசலுக்கு அனுப்பினார். கதவு திறந்தது. காவலர்கள் சுதாரிப்பதற்குள் பக்கத்து இடிபாடுகளில் பதுங்கியிருந்த படை உள்ளே நுழைந்துவிட்டது. கட்டாய வேலைக்கு வருபவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது பிர்ச்சுக்குத் தெரிந்திருந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நலம் விசாரிக்காமல் போன கிராஃப்ட் 1645 ஜூனில் ஸ்டோக்ஸே அருகே நடந்த சண்டையில் செத்துப்போனார். லிங்கன் குட்ரிச் கோட்டையில் 1646 ஜூலை கடைசிவரை தாக்குப்பிடித்துச் சரணடைந்தார். ஹார்லிகளின் நஷ்டத்துக்கு ஈடாக லிங்கனின் உடைமைகளை நாடாளுமன்றம் அவர்களுக்கு ஒதுக்கியது. அப்போது பிரில்லியானாவின் மகன் நெட், அதாவது எட்வர்ட் ஹார்லி, லிங்கனின் மனைவியைப் போய்ப் பார்த்தாராம். இந்தப் பட்டியலில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதை அவர் கையிலேயே, தன் உரிமையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தன் அம்மாவின் வீட்டை முற்றுகையிட்டவரின் மனைவி அவர். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதோடு அந்தச் சீட்டுகளும் நினைவுக்கு வரும். ஓட்ஸுக்கும் ஆட்டுக்கும் படைவீரன் கொடுத்துப் போன சீட்டை ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் பத்திரமாக மடித்து வைத்திருப்பாள். எழுதிக் கொடுத்த படையே அப்போது இல்லை.

அன்புடன்