பூட்டிவிட்டுப் போகாதீர்கள்

அன்புள்ள சார்,

நானும் கணவரும் மென்பொருள் துறையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். கோத்தகிரியில், மாமனார் கட்டிய வீடு. வரும் ஆகஸ்டில் வீட்டைக் காலிசெய்து, லேப்டாப்பும் ஆளுக்கொரு பையுமாக ஊர் ஊராகத் தங்கி வேலை செய்வதென்று முடிவு. முதலில் தாய்லாந்தின் சியாங் மாய். சாமான் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். கோவையில் நாத்தனார் வீட்டுக்குப் போகிற அத்தையோ, ஒரு கரண்டியைக்கூட நகர்த்தாமல் அப்படியே பூட்டிவை என்கிறார். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. இதற்கு நடுவில், 'நாடோடிப் பிழைப்பு' என்று உறவினர்களின் கேலி வேறு. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

கேலியை முதலில் முடித்துவிடலாம். வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறி, மாதக்கணக்கில் அங்கிருந்தபடி ஆண்டது. அவர்களை யாரும் நாடோடி என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிறேன். பூட்டிவைக்கவே கூடாது. சமவெளியில் பூட்டிய வீட்டில் தூசி படியும், அவ்வளவுதான். மலையில் கதை வேறு. கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் உங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜன்னல் திறக்காமல், அடுப்பு எரியாமல் அக்டோபரும் நவம்பரும் கழிந்தால் தோல் பைகளில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும், பட்டுப்புடவையில் புள்ளி விழும், கதவு ஊதித் திறக்காது. இதெல்லாம்கூடச் சில்லறை நஷ்டம். சாக்கடை வாயைச் சில்வர் ஓக் இலை அடைத்து, தண்ணீர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கினால் அதைக் குத்திவிட ஆள் வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை.

அப்புறம் கரடி. ஆளில்லாத வீட்டில் எண்ணெய் வாசம் அடித்தால் சமையலறைக் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அத்தை நகர்த்தாதே என்ற கரண்டியை அது நகர்த்திவிடும்.

ஆகவே யாரையாவது குடிவையுங்கள். பள்ளி ஆசிரியரோ, நர்ஸோ, சின்னக் குடும்பமாக இருந்தால் நல்லது. வாடகை குறைந்தாலும் பரவாயில்லை, தினமும் அந்த வீட்டில் சோறு பொங்க வேண்டும். சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகை விடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், வேண்டாம். மழைக்காலத்தில் அந்த வீடும் காலியாகத்தான் கிடக்கும். ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி நகர்ப்பகுதி ஒப்பந்தங்களை எழுதிப் பதிவு செய்யவேண்டும்.

ஒரு அறையை மட்டும் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். அதில் எது இருக்க வேண்டும் என்பதை அத்தை சொல்லட்டும். அவர் கோவைக்குப் போகும் முன்பு பீரோவில் இருப்பதை அவர் கையாலேயே தரம்பிரிக்கச் செய்யுங்கள். கணவர் விற்க நினைக்கும் சோபா, வாஷிங் மெஷின், மிக்ஸியெல்லாம் தாராளமாகக் குட்டி யானையில் ஏறலாம். மாமனாரின் பொருளில் எது பழைய சாமான், எது அப்படியில்லை என்று முடிவெடுக்க உங்களுக்கோ எனக்கோ தகுதியில்லை.

உங்கள் ஊரைச் சுற்றியே, விருப்பமில்லாமல் வீட்டைவிட்டு மூட்டைகட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தோட்ட வேலைக்காக இங்கிருந்து போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் வயதானவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். என்ன கொண்டுவந்தோம் என்பதைவிட, என்ன காகிதம் கையில் இருந்தது, எது இல்லை என்பதைத்தான் அவர்கள் நெடுநேரம் சொல்வார்கள்.

உங்களுக்கும் அந்தக் கவலை வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வங்கி ஓடிபி வரும் சிம்முக்கு ரீசார்ஜ் தவறக்கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கும்போது, அங்கே தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆதார், பாஸ்போர்ட், வங்கி மூன்றிலும் கோத்தகிரி முகவரியே இருக்கட்டும். குடியிருப்பவரிடம், வரும் தபாலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் 'ஓகேப்பா' என்று சொன்னது செல்லாது. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிக்கணக்கில் இங்கே வசிப்பவர்தான். அதற்குக் குறைந்தாலும் வேறு விதிகள் உண்டு என்பதால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அங்கே தங்கி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்காகத் தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி விசா 5 ஆண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். ஆனால் கணக்கில் 5 லட்சம் பாட் காட்டவேண்டும்.

ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். குடிவந்தவர்களுக்கு எங்கே ஒழுகும், எந்தத் துளை அடைக்கும் என்று காட்டிக்கொடுக்க, இந்த ஒரு வடகிழக்கு மழைக்காவது ஊரில் இருங்கள். ஜனவரியில் கிளம்பினால் நேரே சியாங் மாய் போகவும் முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே காடும் வயலும் எரிக்கும் புகை, மலைக்காற்று பழகிய நெஞ்சுக்கு ஆகாது. அந்த மாதங்களைப் புதுச்சேரியில் ஒரு வாடகை அறையில் கழியுங்கள். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் மீட்டிங் பேசுவது எப்படி என்பது விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.