ஒரு எழுத்து மாத்தினதுக்கு இவ்ளோ ரிவ்யூவா?

கேள்வி: ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டோட டாக்குமென்ட்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒண்ணு பாத்து பேட்ச் (இத இப்படி மாத்துங்கன்னு அனுப்பற திருத்தம்) அனுப்பினேன். ரிவ்யூ பண்றவர் அந்த பாராவையே மாத்தி எழுதுங்க, அப்படியே பக்கத்து செக்‌ஷனையும் சரி பண்ணிடுங்கங்கறார். செஞ்சுதான் ஆகணுமா?

பதில்: கட்டாயமே இல்லைங்க. நீங்க தொட்ட வரியில தப்பிருந்தா அது உங்க பொறுப்பு, தொடாத செக்‌ஷன் எப்படி உங்க கணக்குல வரும்? "இது ஸ்பெல்லிங்குக்கு மட்டும், மத்தத தனி பேட்ச்சா பாக்கலாம்"னு பணிவா ஒரு வரி போடுங்க. ஒரு பேட்ச்ல ஒரு மாற்றம்தான்ங்கறத லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல எழுதறவங்க விதியாவே எழுதி வச்சிருக்காங்க, அதனால தயங்காம சொல்லலாம்.

ரிவ்யூ பண்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கமிட் மெசேஜ்ல (என்ன மாத்தினோம்னு பேட்ச்சோட எழுதற குறிப்பு) ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னா மெர்ஜ் பண்ணும்போது, அதாவது ப்ராஜெக்ட்ல சேக்கும்போது, நீங்களே போட்டுடலாமே, அதுக்காக புதுசா வந்த ஒருத்தர மூணு தடவ நாலு தடவ திருப்பி அனுப்ப வச்சா அவர் அடுத்த பேட்ச்சோட வரவே மாட்டார், எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. சின்ன யோசனைன்னா முன்னாடி "நிட்"னு (அற்ப விஷயம், கட்டாயமில்லைன்னு அர்த்தம்) போட்டு எழுதுங்க, ஆனா அப்ரூவ் குடுத்துட்டு எழுதுங்க. நிட்னும் சொல்லிட்டு அப்ரூவும் குடுக்காம விட்டா அவர் என்னன்னு எடுத்துக்குவார்?

கேள்வி: நான் மெயின்டெய்னர், ப்ராஜெக்ட்ட பாத்துக்கறது நான்தான். டைப்போ (எழுத்துப் பிழை) பேட்ச்தானேன்னு பாக்காமலே மெர்ஜ் பண்ணலாமா?

பதில்: வேண்டாம், டிஃப்ப (எது மாறியிருக்குன்னு காட்டறது) ஒரு தடவையாவது தொறந்து பாருங்க. ஜிசிசிங்கற கம்பைலர் ப்ராஜெக்ட்ல யாருமே ஆட்சேபிக்க மாட்டாங்கன்னு பளிச்னு தெரியற திருத்தத்துக்கு முன்கூட்டி அப்ரூவல் வேணாம்னு விதி இருக்கு, ஆனா அது கமிட் உரிமை (நேரடியா ப்ராஜெக்ட்ல சேக்கற உரிமை) இருக்கறவங்களுக்கு, அப்பவும் பேட்ச்ச மத்தவங்க பார்வைக்கு அனுப்பிடணும்.

டைப்போ எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். கோடுக்கு நடுவுல எழுதற கமெண்ட்ல இருந்தா பிரச்சினையே இல்ல, யூசர் பாக்கற எரர் மெசேஜ்ல இருந்தா கதையே வேற. மெசேஜ மொழிபெயர்க்க உதவற கெட்டெக்ஸ்ட்ங்கற டூல யூஸ் பண்ற ப்ராஜெக்ட்கள்ல வழக்கமா அந்த இங்கிலீஷ் வரிதான் மொழிபெயர்ப்ப தேடற சாவியே, அதுல ஒரு எழுத்து மாறினாலும் எல்லா மொழி ஃபைல்லயும் பொருந்தாம போய், அத அப்டேட் பண்ற வரைக்கும் யூசருக்கு அந்த இடம் மட்டும் இங்கிலீஷ்ல வரும். அந்த மெசேஜ தேடிப் புடிக்கற ஸ்கிரிப்ட், அத அப்படியே ஒப்பிடற டெஸ்ட் எல்லாம் உடையும். வெளியாளுங்க கூப்பிடற ஃபங்ஷன் பேர்ல தப்பிருந்தா சட்டுனு மாத்திடாதீங்க, பழைய பேரையும் கொஞ்ச காலம் வச்சிருக்கணும்.

கேள்வி: பேட்ச் அனுப்பி ரெண்டு நாளா பதிலே இல்ல, திரும்ப கேக்கலாமா?

பதில்: பொறுங்க. கெர்னல்ல குறைஞ்சது ஒரு வாரம் காத்திருக்கச் சொல்றாங்க, மத்த இடத்துக்கும் அது நியாயமான கணக்குதான். அதுக்கப்புறம் அதே த்ரெட்லயே ஒரு தடவ கேளுங்க, புதுசா இன்னொண்ணு தொறக்க வேணாம்.