உறுத்தும் கண்ணும் உறுத்தாத கண்ணும்: கண் அழுத்தம், கண் வறட்சி பற்றிக் கேள்வி பதில்

கண் மருத்துவரான எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கண் எரிச்சல், உறுத்தல் பற்றியவை. கண் அழுத்த நோயான கிளாக்கோமா பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். என் அறைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். எரிகிற கண்ணைக் காட்ட ஓடி வருவார்கள். உறுத்தாமலே பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமாவுக்கு வருவதில்லை. அதனால் கிளாக்கோமாவிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: வயது 46. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணில் பிரஷர் 24 என்றார்கள். எனக்கு பிபி கிடையாது, பார்வையும் நன்றாக இருக்கிறது. சொட்டு மருந்து போட்டே ஆக வேண்டுமா டாக்டர்?

இரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகால் வழியாக அது வெளியேறும். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறும். அது பின்னால் இருக்கிற பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். 24 என்ற எண்ணை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. புஸ்ஸென்று காற்றடிக்கும் கருவியில் பார்த்திருப்பார்கள். அது முதல் வடிகட்டல்தான். மரத்துப்போகும் மருந்து விட்டு, நீல விளக்கோடு கண்ணைத் தொட்டு அளக்கும் அளவுதான் நம்பகமானது. கருவிழியின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். தடித்த கருவிழி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், மெல்லியது குறைத்துக் காட்டும். அப்புறம் வடிகால் கோணம், நரம்பு, நரம்பிழைகளின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேன், வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டன் அமுக்கும் பார்வைப் பரப்பு டெஸ்ட். எல்லாம் சரியாக இருந்தால் மருந்து இல்லாமலே டாக்டர் சொல்லும் இடைவெளியில் போய்ப் பார்த்துக்கொண்டால் போதும் என்பார்கள். அழுத்தம் 16 இருந்தும் நரம்பு கெட்டுப்போனவர்களும் உண்டு என்பதால், எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது.

'பார்வை நன்றாக இருக்கிறது' என்கிறீர்கள். என்னிடம் ஒரு விவசாயி படிக்கிற கண்ணாடிக்காக வந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி எத்தனை விரல் என்று கேட்டேன். 'லைட்டை ஏன் அணைச்சீங்க?' என்றார். அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இடது கண் முழுக்கப் போனது அவருக்கு அதுவரை தெரியாது. பார்வை ஓரத்திலிருந்து போகும். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் நிரப்பிவிடும்.

கேள்வி: அக்காவுக்கு கிளாக்கோமா என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நானும் பார்க்க வேண்டுமா?

ஆமாம், இந்த மாதமே. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தில் 40 வயது தாண்டியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், இந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதற்கு முன் அது தெரியாது. அவர்களுக்கும் உங்களைப் போலத் தொந்தரவு எதுவும் தோன்றியிருக்காது.

கேள்வி: பட்டன் அமுக்கும் டெஸ்டில் பாதி வெளிச்சம் எனக்குத் தெரியவே இல்லை. பார்வை போய்விட்டதா?

பயப்படாதீர்கள். உங்களால் எவ்வளவு மங்கலான புள்ளி வரை பார்க்க முடிகிறது என்றுதான் அந்தக் கருவி தேடுகிறது. நல்ல கண்ணுக்கும் நிறையப் புள்ளிகள் தெரியாது. முதல் டெஸ்ட் பலருக்குச் சொதப்பும். நடுப்புள்ளியிலேயே பார்வையை வைத்துக்கொண்டு, நன்றாக இமைத்துக்கொண்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கிளாக்கோமாவுக்கு இரண்டு சொட்டு மருந்து. போட்டால் கண் எரிகிறது, சிவக்கிறது என்று ஒரு மாதமாக நிறுத்திவிட்டார்.

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். அம்மா சொல்வது உண்மை. பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வருடக்கணக்கில் தினமும் போடும்போது அது கண்ணின் மேற்பரப்பையும் கண்ணீர்ப் படலத்தையும் கெடுக்கும். அதாவது, அழுத்தத்துக்குப் போட்ட மருந்தே வறட்சியைக் கொண்டுவந்திருக்கலாம். அம்மாவைத் திட்டாதீர்கள். எரிச்சல் குறைந்த நிம்மதியில் இருக்கிறார், ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போய் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பொருள் சேராத சொட்டு மருந்து கிடைக்கிறது. இரண்டு மருந்தும் ஒரே பாட்டிலில் வருவதும் உண்டு. வடிகால் கோணம் திறந்திருந்தால், நீர் நன்றாக வடிய உதவும் எஸ்எல்டி லேசர் செய்து மருந்தைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். 2019-இல் வந்த ஒரு பெரிய பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு, லேசரை முதல் சிகிச்சையாகவே பலர் செய்கிறார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். டிமோலால் என்ற கண் அழுத்தச் சொட்டு மருந்து மூச்சுத் திணறலைக் கிளப்பும்.

மருந்து விடும் முறையையும் பாருங்கள். தலையைச் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை தெரியும். அதில் ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். உடனே கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கி வாய் கசக்கும், கண்ணுக்குள் போகிற அளவும் குறையும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி.

கேள்வி: ஐடி வேலை. மாலையானால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வறட்சி என்கிறார்கள். தண்ணீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்?

கண்ணீரில் நீர் மட்டும் இல்லை. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைத்து எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் காய்ந்து உறுத்தும். அந்த உறுத்தலுக்குப் பதிலாக மூளை கண்ணீரைத் திறந்துவிடும். அது கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் நிற்காது. மஞ்சள் சாயம் தொட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லிப் பார்ப்போம். 10 நொடிக்குள் படலம் உடைந்தால் வறட்சி என்று சந்தேகப்படுவோம்.

திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடும். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வையுங்கள், ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுங்கள். ஒரு நாள் செய்துவிட்டுக் கேட்கவில்லை என்று விடாதீர்கள், சில வாரங்கள் ஆகும். செயற்கைக் கண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இல்லாததாக வாங்குங்கள். வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலித்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் விடலாமா?

வேண்டாம். கிருமி போகும். அப்படி விட்டுக் கருவிழியில் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாமியாருக்கு ராத்திரி திடீரென்று ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்கிறார்.

இதைப் படித்தவுடனே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண் சிவந்து, பார்வை மங்கி, இப்படி வளையமும் தெரிந்தால் வடிகால் கோணம் சட்டென்று மூடிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்திலேயே நரம்பு கெடத் தொடங்கும். மருந்தில் அழுத்தத்தை இறக்கி, லேசரில் கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற நிறப்படலத்தில் சின்ன ஓட்டை போடுவார்கள். வலிக்காத மற்ற கண்ணுக்கும் பெரும்பாலும் சேர்த்தே செய்வார்கள். ஏன் என்று கேட்டு மறுக்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு அடிக்கடி கண் அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த சொட்டு மருந்து போட்டால் உடனே கேட்கிறது. இரண்டு வருடமாக அதையேதான் வாங்குகிறோம்.

அந்த பாட்டிலைக் கையில் எடுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு உடனே அடங்கும், சிலருக்கு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். இதே மாதிரி இரண்டு வருடம் போட்ட ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் வந்தபோது இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை இறக்கினோம். போன பார்வை திரும்பவில்லை. அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமை மருந்துகள் உண்டு. நாளை காலையே பையனையும் அந்த பாட்டிலையும் கண் டாக்டரிடம் கொண்டு போங்கள்.