முகவரியின் முடிவில் ‘.பிஎச்பி’ வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தறியில் நெய்யும் சாறிகளையும் சாரங்களையும் விற்பதற்கு ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறோம். அதன் பக்கங்கள் ‘சாறி.பிஎச்பி’, ‘சாரம்.பிஎச்பி’ என்று முடிகின்றன. இந்த முகவரிகளைக் கடைப் பைகளிலும் அச்சிட்டுவிட்டோம். கோப்புகளின் பெயரை மாற்றாமல் ‘.பிஎச்பி’யை மட்டும் நீக்க முடியுமா?
– வாசகி ஒருவர், மருதமுனை, அம்பாறை மாவட்டம்

பதில்: முடியும், நீக்குவதே நல்லது. நாளைக்கு நீங்கள் பிஎச்பி என்ற நிரல்மொழியை விட்டு வேறு மொழியில் தளத்தை எழுதினாலும், வாடிக்கையாளர் அறிந்த முகவரி மாறக் கூடாது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டிலேயே இதனை வலியுறுத்தி எழுதியிருக்கிறார்.

உங்கள் தளம், பக்கங்களை உலாவிகளுக்கு அனுப்பும் மென்பொருளான சேர்வர்களுள் அப்பாச்சியில் இயங்குமானால், முதன்மைக் கோப்புறையிலுள்ள ‘.எச்டிஅக்சஸ்’ என்ற அமைவுக் கோப்பில், முகவரிகளை மாற்றியமைக்கும் மொட் ரீரைட் விதியொன்றை எழுத வேண்டும். கேட்கப்பட்ட பெயரில் கோப்புறை இல்லாமலும், அப்பெயருடன் ‘.பிஎச்பி’ சேர்த்தால் உண்மையாகவே ஒரு கோப்பு இருந்தும் வரும்போது மட்டும், அந்தக் கோப்பை உள்ளுக்குள்ளேயே எடுத்து இயக்கும்படி அவ்விதி சொல்ல வேண்டும். இவ்விரு சோதனைகளையும் விட்டுவிட்டால், சாறிகளின் படங்களுக்கும் ‘.பிஎச்பி’ ஒட்டிக்கொண்டு அவை தோன்றாமற் போகும்.

இதைவிட முக்கியமானது, பைகளில் அச்சான பழைய முகவரி. அதைத் தட்டச்சு செய்து வருபவரைப் புதிய முகவரிக்கு, இரண்டாவது விதியொன்றின் மூலம், 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் அனுப்புங்கள்; தேடுபொறிகளும் அதைப் பின்பற்றிப் புதிய முகவரியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதல் விதி உள்ளுக்குள் சேர்த்த ‘.பிஎச்பி’யை இந்த இரண்டாம் விதி கண்டு மீண்டும் நீக்க முற்பட்டால், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால், உலாவி முதலில் அனுப்பிய கோரிக்கை வரியை மாற்றமின்றி வைத்திருக்கும் ‘தி ரிக்குவெஸ்ட்’ என்ற மாறியில் ‘.பிஎச்பி’ உள்ளதா என்றே அது பார்க்க வேண்டும். பக்கத்தைக் கேட்டு வரும் ‘கெட்’ கோரிக்கைகளுக்கு மட்டும் அதைப் பொருத்துங்கள். ‘போஸ்ட்’ முறையில் வரும் கட்டளைப் படிவம் திசைமாறினால், வாடிக்கையாளர் நிரப்பிய விவரங்கள் தொலைந்துவிடக்கூடும். உலாவிகள் 301ஐ நினைவில் வைத்துக்கொள்வதால், முதலில் 302 என்ற தற்காலிகத் திசைமாற்றத்தை இட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சேர்வர் அப்பாச்சி அல்லாமல் என்ஜின்எக்ஸ் என்றால் அது ‘.எச்டிஅக்சஸ்’ கோப்பைப் படிக்காது. சேர்வரின் சொந்த அமைவுக் கோப்பில்தான் எழுத வேண்டும். அங்கே, எந்தக் கோப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லும் ‘டிரை பைல்ஸ்’ வரியின் நடுவில் ‘.பிஎச்பி’ பெயரைச் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் கோப்பு இயங்காமல், அதன் மூல நிரல் தரவுத்தளக் கடவுச்சொல்லோடு பார்ப்பவர் கையில் போய்ச் சேரக்கூடும். ஆகவே, கோரிக்கை பிஎச்பியை இயக்கும் பகுதிக்கே செல்லுமாறு அமைத்துத் தரும்படி, சேர்வரைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.