செய்து பார்த்தால்தான் புரியுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தப் பருவத்தில் அவர்களுக்கு உலக மதங்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. போன வாரம் பள்ளி விட்டு வந்ததும், இன்று வகுப்பில் என்ன செய்தோம் தெரியுமா என்று மண்டியிட்டு, கண்ணை மூடி, எங்களுடையது அல்லாத ஒரு மதத்தின் பிரார்த்தனையை வரி பிசகாமல் சொன்னாள். எல்லாரையும் உட்காரவைத்து, ஆசிரியை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வைத்தாராம். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மறுநாள் போய்க் கேட்டேன். "செய்து பார்த்தால்தான் குழந்தைகளுக்குப் புரியும், இது நாடகம் மாதிரிதான், பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை அவள் வெளியே இருக்கட்டும்" என்றார். இதில் என்ன தப்பு என்கிறாள் என் மனைவி. தினமும் காலையில் எங்கள் மதப் பிரார்த்தனையோடுதான் அந்தப் பள்ளி தொடங்குகிறது, அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. அப்படியிருக்க இது எதற்கு? எனக்குத்தான் மனசு குறுகிவிட்டதா? இந்தப் பாடமே பள்ளிக்குத் தேவையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு மதங்களின் பெயர் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டேன். பயந்துபோய் அல்ல. எடுத்த பிறகு படித்துப் பார்த்தால், எந்த இரண்டு மதங்களைக் கொண்டு நிரப்பினாலும், இடம் மாற்றிப் போட்டாலும் கடிதம் அப்படியே நிற்கிறது. நீங்களும் ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள், குறிப்பாக அந்தக் காலைப் பிரார்த்தனை வரியை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மனசு குறுகியதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு உறுத்தியது நியாயமான விஷயம்தான். ஆனால் மகள் சொன்னது வேற்று மதத்தின் பிரார்த்தனை என்பதால் உறுத்தியதா, பிரார்த்தனையைப் பாடமாக வைத்ததால் உறுத்தியதா என்பதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியை சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. செய்து கற்பது நல்ல முறைதான், விதையை ஊறவைத்து முளைக்கவிட்டுப் பார்த்த குழந்தை அதை மறக்காது. ஆனால் விதைக்கு நம் நம்பிக்கை தேவையில்லை, யார் ஊறவைத்தாலும் முளைக்கும். பிரார்த்தனை அப்படியா? அது ஒருவரை முன்னால் நிறுத்தி அவரிடம் பேசுவது. உங்கள் மகள் அந்த வரிகளை மனதாரச் சொன்னாள் என்றால், வகுப்பு நேரத்தில், மதிப்பெண் போடுகிற ஒருவர் சொல்லி, அவள் வழிபட வைக்கப்பட்டிருக்கிறாள். மனதாரச் சொல்லவில்லை என்றால், அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவர் உயிராக நினைக்கிற ஒன்றை இருபது முப்பது குழந்தைகள் சேர்ந்து ஒப்பித்து விளையாடியிருக்கிறார்கள். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையில் உங்களைவிட அந்த மதத்துக்காரர்தான் அதிகம் வருத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாடகம் மாதிரி என்கிறாரே, நாடகம் என்றால் வேடம் உண்டு, மேடை உண்டு, பார்ப்பவருக்கும் நடிப்பவருக்கும் அது நடிப்பு என்று தெரியும். வகுப்பில் கண்ணை மூடச் சொன்னால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது தெரியுமா? அவள் சந்தோஷமாகத்தானே செய்து காட்டினாள் என்பீர்கள். அந்த வயதில் தீயணைப்புப் பயிற்சிகூட சந்தோஷம்தான்.

அப்புறம் அந்த "வெளியே இருக்கட்டும்".

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு மட்டும் பிரார்த்தனையிலிருந்து விலக்கு. அவன் வீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள் போல. நாங்கள் கைகூப்பி நிற்கும் அந்த ஐந்து நிமிடமும் அவன் வராந்தாவில் நிற்பான். மற்ற நேரங்களில் அதே வராந்தாவில் நிற்பவர்கள் யார் என்றால் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள், வகுப்பில் பேசி மாட்டிக்கொண்டவர்கள். ஆகவே அவன் தினமும் ஏதோ தப்பு செய்கிறான் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், பாதி வருஷத்துக்கு மேல். என்னடா செய்தாய் என்று நானே ஒருநாள் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவனும் உள்ளே வந்து எங்களோடு கைகூப்பி நின்றான், ஆசிரியருக்கு அன்று ரொம்ப சந்தோஷம். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் பள்ளி சொல்லியிருக்கும், அது பொய்யும் இல்லை.

இதே விஷயம் 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியமே எழுதிக் கொடுத்த ஒரு பிரார்த்தனை, ஆங்கிலத்தில் மொத்தம் 22 சொற்கள், எந்த மதப் பிரிவின் பெயரும் அதில் இல்லை, வேண்டாதவர்கள் பேசாமல் இருக்கலாம், வெளியேயும் போகலாம். இதைவிடச் சாதுவான ஒன்றை யாரால் எழுத முடியும்? அப்படியும் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அது செல்லாது என்றார்கள். பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலையே இல்லை என்பதுதான் சாரம். மறு வருஷமே, பள்ளியில் நாளைத் தொடங்க பைபிள் வாசிப்பதும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், மதங்களைப் பற்றியும் பைபிளைப் பற்றியும் நடுநிலையோடு பாடமாகப் படிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பாடமே தேவையா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

நார்வேயில் நடந்தது உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 1997இல் அங்கே கிறிஸ்தவத்துக்கு அதிக இடம் கொடுத்து, மற்ற மதங்களையும் தத்துவங்களையும் சேர்த்து ஒரே பாடமாக்கி எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். பிரார்த்தனை, துதிப்பாடல் போன்றவை வரும்போது வேண்டாத குழந்தை வகுப்பிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், செய்ய வேண்டாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பகுதி வேண்டாம் என்று பெற்றோர்தான் பாடத்திட்டத்தைத் துருவிப் பார்த்துச் சொல்ல வேண்டும், சிலவற்றுக்குக் காரணமும் சொல்ல வேண்டும், அதாவது வீட்டுக்குள் என்ன நம்புகிறோம் என்பதை ஆசிரியரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். சில பெற்றோர் வழக்குப் போட, 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்பதுக்கு எட்டு என்று நார்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மயிரிழைதான். பதினேழு நீதிபதிகளே இப்படி இரண்டாகப் பிரிந்திருக்கும்போது நீங்களும் உங்கள் மனைவியும் பிரிந்து நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, செய்வதைப் பாடத்துக்குள் வைத்துவிட்டு அப்புறம் ஆள் ஆளுக்கு விலக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, செய்வதைப் பாடத்தில் வைக்காமலே இருப்பது எல்லாருக்கும் நிம்மதி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்றுவரை அரசுப் பள்ளிகளில் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படியே உண்டு, 1988இல் அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள், வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். அதனால் அந்த நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் பக்திமான்களாக மாறிவிடவில்லை. ஆகவே உங்கள் மகள் ஒரு நாள் நாலு வரி சொன்னதால் எதுவும் குடிமுழுகிப் போகவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்காதீர்கள், பாவம்.

இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு எனக்குப் பிடித்த ஒன்று. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளி என்றால், மாணவர் சம்மதித்தால் ஒழிய, சிறுவராக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதித்தால் ஒழிய, மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. கவனியுங்கள், வேண்டாம் என்று சொல்லும் வரை நடத்தலாம் என்று இல்லை. வேண்டும் என்று சொன்ன பிறகுதான். வாயைத் திறந்து மறுக்க வேண்டிய சுமை குழந்தையின் தலையில் இல்லை. ஏட்டில் இருக்கிறது, பல பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காலைக் கூட்டத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் மகள் வேற்று மதத்தின் பிரார்த்தனையைச் சொன்னது ஒரு நாள். அந்தப் பள்ளியில் வேற்று மதத்துக் குழந்தைகளும், எந்த மதமும் இல்லாத வீட்டுக் குழந்தைகளும் உங்கள் மதத்தின் பிரார்த்தனையை வருஷம் முழுக்கச் சொல்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கும் என்னவோ போலத்தான் இருந்திருக்கும், பள்ளிக்குப் போய்க் கேட்கத்தான் தைரியம் வந்திருக்காது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நமக்குப் பழகியது நம் கண்ணுக்கு வழிபாடாகவே தெரிவதில்லை, ஒழுக்கம், பண்பாடு, மன அமைதி என்று வேறு பெயர்களில்தான் தெரியும்.

எல்லாவற்றையும் கத்தியால் கீறியதுபோலப் பிரிக்க முடியாது என்பதும் தெரியும். வழிபாட்டுத் தலத்துக்குக் கூட்டிப்போகும்போது செருப்பைக் கழற்றுவதும் தலையை மூடுவதும் மரியாதை, அதில் எனக்குச் சிக்கலில்லை. பாட்டுதான் சிரமம், உலகத்தின் நல்ல இசையில் பாதி கடவுளைப் பார்த்துப் பாடியதுதான், அதையெல்லாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அங்கே எனக்கு முடிவான பதில் இல்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாட மட்டும் இல்லை. 1985இல் பள்ளியை விட்டு நீக்கினார்கள், 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அது வழிபாடு சம்பந்தப்பட்ட வழக்கு இல்லைதான், ஆனால் வாயைத் திறக்காமல் நிற்பதும் மரியாதைதான் என்று ஒப்புக்கொண்ட ஒரு தீர்ப்பு.

பாடம் கண்டிப்பாகத் தேவை. அந்த வராந்தாப் பையன் என்ன மதம், எதற்காக அவன் வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் பிரார்த்தனை செய்தோம், அதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே ஆசிரியையிடம் இன்னொரு முறை போங்கள், இந்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு. பாடத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவரை வகுப்புக்கு அழைக்கச் சொல்லுங்கள், அவர் பிரார்த்தனை செய்யட்டும், குழந்தைகள் பார்க்கட்டும், ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்கட்டும். அப்படியே அந்தக் காலைப் பிரார்த்தனையைப் பற்றியும் பேசிவிட்டு வாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.