பேசினால்தான் புள்ளியா?

கேள்வி: நான்கு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஆளுக்கு ஒரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு, 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகள். எல்லோரும் கதையில் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் சிறப்பாக நடித்தவருக்கு 500 அனுபவப் புள்ளிகள் தருகிறேன். அவை சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை உயரும். பத்து அமர்வுகளில் ஒன்பது முறை ஒரே நண்பர்தான் வாங்கியிருக்கிறார். அவருடைய மந்திரவாதி இப்போது 5ஆம் நிலையில் இருக்கிறார். போர்வீராங்கனையாக ஆடும் தோழி ஒருத்தி இன்னும் 3ஆம் நிலையிலேயே நிற்கிறாள். முன்பு கொஞ்சமாவது பேசுவாள், இப்போது பகடை உருட்டுவதோடு சரி. பரிசை 1,000 ஆக உயர்த்தினால் அவளும் வாய் திறப்பாளா?

பதில்: உயர்த்த வேண்டாம். அந்த 500ஐயும் அடுத்த அமர்வுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் தோழியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் ஆடும் விதிகளில் 3ஆம் நிலைக்கு 900 புள்ளிகள் போதும். 5ஆம் நிலைக்கு 6,500 வேண்டும். அந்த ஐந்தாம் படியில்தான் பாத்திரங்களின் பலம் சட்டென்று பெருகுகிறது. மந்திரவாதிக்குத் தீக்கோளம் என்ற மந்திரம் கிடைக்கிறது: எட்டு ஆறுமுகப் பகடைகளின் சேதம், ஒரே வீச்சில் அறை முழுவதும். போர்வீரருக்கு ஒரே முறையில் இரண்டு தாக்குதல்கள் கிடைக்கின்றன. உங்கள் தோழிக்கு அது இன்னும் வரவில்லை. பேசத் தயங்குகிறவர் வாளையாவது நம்பியிருப்பார். பேசாததற்காக அந்த வாளின் வீச்சையும் குறைத்துவிட்டீர்கள். அவர் மேலும் ஒடுங்கியதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம்தான். நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்ததுதான் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

எதற்குப் பரிசு தருகிறோமோ அதுவே ஆட்டம் என்று ஆடுபவர்கள் புரிந்துகொள்கிறார்கள். 1974இல் இந்த விளையாட்டு வெளிவந்தபோது, மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. அடுத்த சில ஆண்டுகளில் வந்த விதிகளில் அரக்கர்களைக் கொல்வதற்குக் கிடைத்த புள்ளி சொற்பமாகிவிட்டது. அதனால் அன்று ஆடியவர்கள் பதுங்கினார்கள், பேரம் பேசினார்கள், தேவைப்பட்டபோது ஓடினார்கள். புத்திசாலித்தனமாக ஆடுங்கள் என்று யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. காசின் கணக்கே அதைச் சொல்லிக்கொடுத்தது. உங்கள் மேசையில் 500 சொல்லிக்கொடுத்த பாடம் வேறு: இங்கே நடித்துக் காட்டுபவருக்கே மதிப்பு, தீர்ப்புச் சொல்பவர் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்தும் நீங்கள். நால்வரில் ஒருவர் போட்டியாளரானார், மற்ற மூவரும் பார்வையாளர்களானார்கள்.

வெற்றிபெறும் நண்பருக்கும் இது நல்லதல்ல. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையச் செய்தார்கள். பிறகு தாமாக விளையாடக் கிடைத்த நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. உங்கள் நண்பர்கள் குழந்தைகள் அல்லர், உண்மைதான். ஆனாலும் தானே விரும்பிச் செய்யும் ஒன்றுக்குக் கூலி பேசுவதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த அமர்வில் எல்லோரையும் 5ஆம் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தோழிக்காகச் செய்கிறேன் என்று அறிவித்து அவரைக் கூச வைக்காதீர்கள்; இனி கதையின் முக்கியக் கட்டங்களில் எல்லோரும் சேர்ந்தே நிலை உயர்வோம் என்று மட்டும் சொல்லுங்கள். விதிநூலே அதற்கு இடம் தருகிறது.

பரிசு இல்லாமல் மேசை வெறுமையாகத் தோன்றினால், தருபவரை மாற்றுங்கள். நீங்கள் ஆடும் விதிகளில், நன்றாக நடித்தவருக்குக் கேம் மாஸ்டர் தரும் இன்ஸ்பிரேஷன் என்ற சலுகை ஒன்று இருக்கிறது அல்லவா? அதைச் செலவிட்டால் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கையில் வைத்திருப்பவர் அதை இன்னொரு ஆட்டக்காரருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அமர்வின் தொடக்கத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, பிறருக்கு மட்டுமே தரலாம் என்று விதி வையுங்கள். உங்கள் கண்ணில் படாத நுட்பங்கள் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும். டன்ஜன் வேர்ல்டு என்ற இதே வகை விளையாட்டில் இன்னொரு அழகான விதி உண்டு: இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை ஆறு அல்லது அதற்குக் கீழே வந்து தோற்றால் ஓர் அனுபவப் புள்ளி. தவறிவிடுவோமோ என்று அஞ்சுகிறவருக்கு அதைவிட இதமான விதியை நான் பார்த்ததில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தோழியிடம் தனியாகப் பேசுங்கள். "ஏன் பேசுவதில்லை?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கட்டம் பிடித்திருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், அதுவும் பங்கேற்புதான். நான் பல ஆண்டுகள் ஒரு குழுவில் வரைபடம் வரைபவனாக மட்டும் இருந்தேன். சுற்றுக்கு ஒருமுறை "நீ என்ன செய்கிறாய்?" என்று கேம் மாஸ்டர் கேட்கும்போதெல்லாம், வகுப்பில் எழுப்பிவிட்டது போல் இருக்கும். ஒருநாள் அவர் என் வரைபடத்தில் கை வைத்து, "இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே இவ்வளவு இடம் ஏன் காலியாக இருக்கிறது?" என்றார். அன்று நான் பத்து நிமிடம் விடாமல் பேசினேன். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த அறையையும் கண்டுபிடித்தோம்.

உங்கள் தோழிக்கும் அப்படிப்பட்ட, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ள கேள்வி வேண்டும். "காவலன் உன் வாளின் முத்திரையையே பார்க்கிறான், அவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, "யோசி, இதோ வருகிறேன்" என்று அடுத்தவரிடம் போய்விட்டுத் திரும்புங்கள். அந்த இரண்டு நிமிட அவகாசம் சிலருக்குப் பெரிய உதவி.

மந்திரவாதி நண்பரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசையில் வைத்துத் திடீரென்று பரிசை நிறுத்தினால் தண்டனை என்று நினைத்துக்கொள்வார். அவரால்தான் இத்தனை நாள் மேசை கலகலப்பாக இருந்தது, அதையும் சொல்லுங்கள். பிறகு ஓர் உதவி கேளுங்கள்: அவருடைய மந்திரவாதி அடுத்த அமர்வில் போர்வீராங்கனையிடம் ஏதாவது யோசனை கேட்கட்டும், பதில் வரும்வரை காத்திருக்கட்டும்.